ஓடுகிற காரை ஏன் பிரிக்கிறீர்கள்?

வாசகரின் கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. கலிஃபோர்னியாவில் மென்பொருள் வேலை. மனைவி, ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். இளவயது முதல் இருந்த ஆசையில் போன வருடம் ஒரு 1966 செவ்ரலே செவெல் மாலிபு வாங்கியிருக்கிறார். இரண்டு கதவு ஹார்ட்டாப், 283 கன அங்குல வி8 இன்ஜின், இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். விலை 19,000 டாலர். கார் ஓடுகிறது. ஆனால் 'மந்தமாக இருக்கிறது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது.'

கையில் 8,000 டாலர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் கிடைக்கும். திட்டம் என்னவென்றால், 283-ஐ இறக்கிவிட்டு எல்எஸ் எனப்படும் பிற்காலத் தலைமுறை 5.3 லிட்டர் வி8 இன்ஜினை ஏற்றி 500 குதிரைத்திறன் எடுப்பது, கறுப்பு பெயின்ட், 20 அங்குலச் சக்கரம், அதிரும் சைலன்ஸர், செவெலின் உயர்திறன் வகையான எஸ்எஸ் 396-இன் சின்னங்கள். அடுத்த ஜூனுக்குள் முடிய வேண்டும், அப்போது ஊரிலிருந்து அப்பா வருகிறார். பணம் போதாவிட்டால் 401(கே) ஓய்வூதியக் கணக்கிலிருந்து 12,000 கடன் எடுக்கலாம் என்று யோசிக்கிறார். ஒரு பட்டறைக்காரர் தொலைபேசியில், '15,000-க்குள் முடித்துவிடலாம், 5,000 முன்பணம் போடுங்கள்' என்றிருக்கிறார். ஒரு நண்பர் பழைய 5.3 இன்ஜினை 900 டாலருக்குத் தருவதாகச் சொல்ல, இவர் கிரெடிட் கார்டில் 500 கொடுத்துவிட்டார். அது மனைவிக்குத் தெரியாது. 'இந்தக் கார் நம்மை விழுங்கிவிடும்' என்று மனைவி ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

கேள்விகள் மூன்று. இந்தத் திட்டம் நடக்குமா? பட்டறையில் ஏமாந்தால் எனக்கு என்ன உரிமை? பிற்பாடு விற்றால் போட்ட பணம் வருமா?

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. வராது. இப்படி மாற்றிய காரை வாங்குகிறவர் உங்கள் ரசனைக்கு முழு விலை தரமாட்டார். ரசனைக்காகச் செய்யுங்கள், முதலீடு என்று நினைத்துச் செய்யாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு அசல் பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் போட்டு வையுங்கள், விற்கும் நாளில் அந்தப் பெட்டிகளுக்கு மதிப்பு உண்டு.

இனி திட்டத்துக்கு வருகிறேன். உங்களிடம் இப்போது இருப்பதில் மிகப் பெரிய சொத்து அந்த இன்ஜினோ பாடியோ இல்லை. கார் ஓடுகிறது என்பதுதான். பழைய கார்களோடு பிழைப்பு நடத்தும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சந்தையில் 'பாதியில் நின்ற புராஜெக்ட்' என்று வரும் கார்களில் பல, ஒரு காலத்தில் நன்றாக ஓடியவை. யாரோ ஒருவர் ஆசையாகப் பிரித்தார், பணமோ நேரமோ தீர்ந்தது, திருகுகள் எந்த டப்பாவில் என்பது மறந்தது, கடைசியில் பாதி விலைக்குப் போனது. எனவே நான் தரும் யோசனை ஒன்றுதான். ஞாயிறு மாலை காரேஜ் கதவை மூடும்போது கார் ஓட்டும் நிலையில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வேலைகளுக்கு வார இறுதி முழுவதும், அல்லது அடுத்தடுத்து இரண்டு வார இறுதிகள் ஆகலாம், அது பரவாயில்லை. மாதக்கணக்கில் காரை நிறுத்திப் போடும் எந்த வேலையும் இப்போது வேண்டாம்.

900 டாலர் இன்ஜினின் முழு விலை

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. 5.3 லிட்டர் இன்ஜின் 1999 முதல் செவ்ரலேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் டிரக்குகளில் லட்சக்கணக்கில் வந்தது. பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும், உறுதியானதும்கூட. ஆனால் 900 டாலருக்குக் கிடைப்பது இன்ஜின் மட்டும். அதை 1966 சேஸிஸில் உட்கார வைக்க மவுன்ட் தகடுகள் வேண்டும். டிரக்கின் ஆழமான ஆயில் சம்ப் உங்கள் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், அதை மாற்ற வேண்டும். எக்ஸாஸ்ட் புதிதாகச் செய்ய வேண்டும். கார்புரேட்டருக்குச் சொற்ப அழுத்தத்தில் பெட்ரோல் தந்துகொண்டிருந்த பழைய பம்ப் போதாது, இதன் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு 58 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். அதற்கு டேங்க், பம்ப், குழாய் எல்லாம் மாறும். தனி ஒயரிங், கம்ப்யூட்டர், அதை டியூன் செய்யும் கூலி. பெரிய ரேடியேட்டர். பவர்கிளைடை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்வதில் அர்த்தமில்லை, எனவே வேறு கியர்பாக்ஸ், அதற்கேற்ற நீளத்தில் புரொபெல்லர் ஷாஃப்ட்.

இவ்வளவும் செய்தாலும் 500 வராது. டிரக்கிலிருந்து எடுத்த பழைய 5.3, வருடத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 270 முதல் 320 வரை தரும். 500-க்கு கேம்ஷாஃப்ட், சிலிண்டர் ஹெட் அல்லது டர்போ என்று அடுத்த சுற்று தொடங்கும். அந்த 500-ஐத் தாங்க உங்கள் காரின் 10 போல்ட் பின் ஆக்சில் தயாராக இருக்காது. நிறுத்த பிரேக்கும் இருக்காது. சரி, நேரத்தைக் கணக்குப் போடுவோம். ஞாயிறுக்கு நான்கு மணி நேரம், ஜூனுக்கு இன்னும் முப்பத்தைந்து வாரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரம்கூடத் தவறாமல் போனால் 140 மணி நேரம். முதல்முறை செய்கிறவருக்கு இந்த மாற்றம் மட்டுமே அதைச் சாப்பிட்டுவிடும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ரிலீஸ், தவறாக வந்த பாகத்தைத் திருப்பி அனுப்பிக் காத்திருப்பது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

இன்னொரு விஷயம். 'என் காரில் 195 குதிரைத்திறன்தானே' என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்தக் காலத்து மொத்தக் கணக்கு. விசிறி, ஏர் ஃபில்டர், முழு சைலன்ஸர் போன்ற சுமை எதுவும் இல்லாமல் இன்ஜினைத் தனியே மேடையில் வைத்து அளந்த எண். அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்களில்தான் நிகரக் கணக்குக்கு மாறின. இன்றைய முறையில் அளந்தால் உங்கள் 195 இன்னும் கணிசமாகக் குறையும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஆசை தவறான திசையில் போகும். புதிய அளவில் சாதாரணமாக 280 குதிரைத்திறன் இருந்தாலே உங்களைச் சீட்டோடு சாய்த்துவிடும்.

எல்எஸ் மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரை மாதக்கணக்கில் நிறுத்திப் போட இன்னொரு காரேஜ் இடம், இன்னொரு 15,000 டாலர், இரண்டு வருடப் பொறுமை மூன்றும் சேரும் நாளில் அது நல்ல வேலை. இன்று உங்களிடம் மூன்றும் இல்லை.

முதல் செலவு: நிறுத்துவது

பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்ற வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். 1966 செவெலில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் அறை. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலோ ஒரு பழைய ரப்பர் ஹோஸ் வெடித்தாலோ நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். அடுத்த வருடமே, 1967 மாடலில், இரட்டைச் சுற்று வந்துவிட்டது. இந்த ஒரு வருட வித்தியாசத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனவே முதல் வேலை, இரட்டை மாஸ்டர் சிலிண்டரோடு கூடிய முன் டிஸ்க் பிரேக் செட். இந்தக் காருக்கென்றே தயாராக விற்கிறார்கள். பின்பக்க டிரம் இருக்கட்டும், அதில் வீல் சிலிண்டரும் ஹோஸும் புதிது போடுங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய்களை மாற்றும்போது முனையை இரட்டை மடிப்பாகச் செய்ய வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற கம்ப்ரெஷன் இணைப்பைப் பிரேக் குழாயில் போடவே கூடாது. எல்லாம் சேர்த்து 1,500 டாலரைச் சுற்றி வரும்.

இங்கே ஒரு வரிசை முக்கியம். பல டிஸ்க் செட்டுகள் உங்கள் காரின் அசல் 14 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது, 15 கேட்கும். எனவே பிரேக்கை முடிவு செய்துவிட்டுத்தான் சக்கரமும் டயரும் வாங்க வேண்டும். 15 அங்குல ராலி சக்கரமும் ரேடியல் டயரும் போதும். 20 அங்குலம் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பள்ளத்தில் ஒவ்வொரு கல்லும் முதுகில் தெரியும், வளைக்கும்போது சக்கர வளைவில் உரசும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம் என்பது, அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம் என்பது. இப்போது காரில் இருப்பதையும் பாருங்கள். மேல்பக்கத்து வரிகள் தேயாமலே பத்து வருடம் தாண்டிய டயர்கள் இந்த மாதிரிக் கார்களில் சர்வசாதாரணம்.

அப்புறம் முன் சஸ்பென்ஷனில் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர். அலைன்மென்ட் செய்கிறவர் புத்தகத்தில் உள்ள 1966 அளவை அப்படியே வைத்துவிடுவார். அது ரேடியலுக்கு முந்தைய டயர்களுக்கான அளவு. முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வான கேஸ்டரை 'பாசிட்டிவ்' பக்கம் கூட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். நெடுஞ்சாலையில் கார் நேராக ஓடுவதில் வித்தியாசம் உடனே தெரியும், அதற்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

பிள்ளைகள் பின் சீட்டில்

உங்கள் காரில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். தோள் பெல்ட் முன் சீட்டில் கட்டாயமானது 1968-இல். இடிக்கும்போது மடங்கும் ஸ்டீயரிங் தண்டு ஜிஎம் கார்களில் வந்தது 1967 மாடலில். இரண்டும் உங்களிடம் இல்லை.

ஆறு வயதுக் குழந்தை பூஸ்டர் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் பொது விதி. பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும் பழைய கார்களுக்கு, குழந்தை 40 பவுண்டைத் தாண்டியிருந்தால் விலக்கு உண்டு. 'சட்டப்படி சரிதானே' என்று யாராவது சொல்வார்கள், சட்டப்படி சரிதான். ஆனால் பூஸ்டர் சீட் தோள் பெல்ட் இல்லாமல் வேலை செய்யாது. இடுப்பு பெல்ட் மட்டும் போட்ட குழந்தை மோதலில் முன்னால் மடங்கும், வயிற்றிலும் முதுகெலும்பிலும் அடி விழும். மூன்று முனை பெல்ட் செட் வாங்கிப் பின் சீட்டிலும் போடுங்கள். ஹார்ட்டாப்பில் நடுத்தூண் கிடையாது என்பதால் மேல் முனையை எங்கே பிடிப்பது என்பதுதான் சிக்கல். வெறும் தகரத்தில் ஓட்டை போட்டு முறுக்கிவிடாமல், உள்ளே வலுத்தகடு வைத்துச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அது முடியும்வரை பிள்ளைகளோடு நெடுஞ்சாலை வேண்டாம்.

காரேஜிலும் அவர்களைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கார் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் தூசு உங்கள் சட்டையோடு வீட்டுக்குள் போகும். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், கம்ப்ரெஸர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். முன் சஸ்பென்ஷனின் சுருள்வில்லை வெளியே எடுக்கும் வேலையைக் கூலி கொடுத்துச் செய்யுங்கள். அழுத்தத்தில் இருக்கும் அந்த வில் நழுவினால் ஆளைக் கொல்லும். இதைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மந்தத்துக்கு மருந்து

இப்போது நீங்கள் ஆசைப்பட்ட பகுதி. கார் மந்தமாக இருப்பதற்கு இன்ஜினைக் குற்றம் சொல்கிறீர்கள். என் கணிப்பில் பாதிக் குற்றம் பவர்கிளைடுடையது. அதன் முதல் கியர் விகிதம் ஏறக்குறைய 1.8. அதே ஜிஎம் குடும்பத்தின் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டர்போ 350-இல் (பெயரில்தான் டர்போ) முதல் கியர் 2.52. சிக்னலில் புறப்படும்போது சக்கரத்துக்குப் போகும் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும், இன்ஜினில் ஒரு திருகைத் தொடாமல். இந்தக் கியர்பாக்ஸ் உங்கள் 283-இன் பின்னால் நேராகப் பொருந்தும். குட்டை வால் உள்ள வகையாகப் பார்த்து எடுத்தால் புரொபெல்லர் ஷாஃப்டும் பொதுவாக அதேதான். கிக்டவுன் கேபிள், வாக்குவம் குழாய், ஷிஃப்டரில் சின்ன மாற்றம் என்று சில்லறை வேலைகள் இருக்கும். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர் கியர் உள்ள 200-4ஆர் கியர்பாக்ஸ் இன்னும் சுகம், நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாது. ஆனால் விலை கூட, அதன் கேபிளைத் தப்பாக வைத்தால் சீக்கிரமே எரிந்துபோகும்.

இன்ஜினுக்கு வருவோம். இக்னிஷன் பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் செட், டைமிங் சரிபார்ப்பு, கார்புரேட்டர் சுத்தம், ரேடியேட்டர் சோதனை. ரப்பர் பெட்ரோல் குழாய்கள் எல்லாவற்றையும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் வகையாக மாற்றுங்கள். பழைய ரப்பர் இளகிக் கசியும், அடியில் சூடான எக்ஸாஸ்ட். 'ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு கெட்டுவிடும்' என்ற பயத்தில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு திரவம் ஊற்றுவதாக எழுதியிருந்தீர்கள். ஞாயிறு உலாவுக்கு அது தேவையே இல்லை. மணிக்கணக்கில் பாரம் இழுத்து வேகமாக ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்தத் தேய்மானம். அந்தப் பணத்தில் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள இன்ஜின் ஆயில் வாங்குங்கள், உங்கள் இன்ஜினின் கேம்ஷாஃப்டுக்கு அதுதான் உண்மையான தேவை.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் நான்கு பேரல் கார்புரேட்டரும் அதற்கான இன்டேக் மேனிஃபோல்டும் போடலாம். செவ்ரலேவே 1966-இல் இதே 283-ஐ அப்படி 220 என்று விற்றது.

அதற்கும் மேலே ஆசை என்றால், அடுத்த வருடத்துக்கு ஓர் இடைப்பட்ட வழி இருக்கிறது. உங்கள் 283 எந்தக் குடும்பமோ அதே ஸ்மால் பிளாக் குடும்பத்தில் 1967-இல் வந்தது 350 இன்ஜின். அதே மவுன்ட், அதே கியர்பாக்ஸ் இணைப்பு, வெளித்தோற்றமும் அதே. 290 குதிரைத்திறன் அளவில் புதிதாகக் கட்டிய 350 சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். 1986 முதல் வந்த பிளாக்கில் பின்பக்க சீல் வேறு மாதிரி என்பதால், இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் மாறும், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள். பிரேக்கும் டர்போ 350 கியர்பாக்ஸும் முன்பே தயாராக இருந்தால், ஒரு நீண்ட வார இறுதியில் முடியக்கூடிய மாற்றம் இது. பெரிய இன்ஜின் வைத்த நடுத்தரக் காரான 'மஸில் கார்' என்பதே இப்படித்தான் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1964 மாடலுக்கு ஜிஎம்மின் பான்டியாக் பிரிவில் ஜான் டிலோரியனின் குழு, பெரிய காரின் 389 இன்ஜினை நடுத்தர டெம்பஸ்டில் வைத்து ஜிடிஓ என்று விற்றது. கையில் இருந்த பாகங்களை மாற்றி வைத்ததுதான்.

பணத்தை இப்படிப் பிரிக்கலாம், எல்லாம் உத்தேசம்: பிரேக் 1,500, சக்கரமும் டயரும் 1,200, சஸ்பென்ஷன் 1,000, பெல்ட் 600, இக்னிஷனும் குளிர்விப்பும் பெட்ரோல் குழாயும் 800, கியர்பாக்ஸ் 1,500. மொத்தம் 6,600. மிச்சம் 1,400-ஐத் தொடாதீர்கள், துரு அதைக் கேட்கும். பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கி தரை, பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் மவுன்ட்கள் ஆகிய மூன்று இடங்களையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கறுப்பு பெயின்ட் கடைசி. அதுவும் கறுப்பு! தகரத்தின் ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும் நிறம். நல்ல கறுப்புக்குத் தேவையான டிங்கரிங் செலவே உங்கள் மொத்த பட்ஜெட்டைத் தாண்டும்.

சட்டம், காப்பீடு, சின்னம்

பழைய கார் என்றால் விதியே இல்லை என்று நினைக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை கிடையாது, உண்மை. ஆனால் சோதனை இல்லை என்பது வேறு, கட்டுப்பாட்டு உபகரணத்தைக் கழற்றலாம் என்பது வேறு. நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே, 1966 மாடல்களிலேயே கலிஃபோர்னியா புகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. உங்கள் கார் இங்கே புதிதாக விற்கப்பட்டதென்றால் அதில் அசலாக இருந்ததைக் கழற்றுமுன் விசாரியுங்கள். அதிரும் சைலன்ஸருக்கு 95 டெசிபல் எல்லை. சரித்திர வாகன நம்பர் பிளேட் வாங்கினால் தினமும் அலுவலகத்துக்கு ஓட்டக் கூடாது, அது முதன்மையாகக் கண்காட்சி ஓட்டத்துக்கானது.

காப்பீடு இப்போது சாதாரண பாலிசியில் இருக்கிறது என்கிறீர்கள். கார் எரிந்துபோனால் அவர்கள் அன்றைய சந்தை மதிப்பு என்று ஒரு தொகை சொல்வார்கள், அதை நீங்கள் வாதாடி ஏற்ற வேண்டியிருக்கும். சேகரிப்புக் கார்களுக்கான 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசிக்கு மாறுங்கள். பூட்டும் காரேஜ், தினசரி ஓட்ட வேறு கார் என்று நிபந்தனை வைப்பார்கள், உங்களிடம் இரண்டும் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் ரசீதோடு அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

எஸ்எஸ் 396 சின்னம் ஒட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் 1966-இன் உண்மையான எஸ்எஸ் 396 கார்களின் அடையாள எண் 138 என்று தொடங்கும். வி8 மாலிபு 136. தெரிந்தவர் கதவைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவார். விற்கும்போது அதை அசல் என்று சொன்னாலோ, சொல்லாமல் நம்பவிட்டாலோ அது மோசடி. அந்த எண் தகடு ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது 'சுத்தமாக இருக்கட்டும்' என்று யாரும் அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடையாள எண்ணில் கை வைப்பது கூட்டாட்சிக் குற்றம்.

பட்டறை விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் நிறையவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பட்டறை மாநிலத்தின் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் பணியகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தாண்டி வாங்க முடியாது. முன்கூட்டியே கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் மறுபக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். கூலி பாக்கி இருந்தால் காரைப் பிடித்து வைக்கும் உரிமை பட்டறைக்கு உண்டு. பிரித்துப்போட்ட காரும் பாக்கிப் பணமும் ஒரே இடத்தில் இருந்தால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது. தொலைபேசியில் '15,000-க்குள்' என்று சொல்லி 5,000 கேட்கிறவரிடம் போகாதீர்கள். சின்ன வேலையாக, ஒவ்வொன்றாக, முடிந்ததும் பணம் கொடுத்துக் காரை எடுத்துவரும் வேலையாகக் கொடுங்கள்.

அந்த 12,000, அந்த 500

401(கே) கடன் 'நம் பணத்தை நாமே கடன் வாங்குவது' என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை இருக்கும்வரை அப்படித்தான். வேலையை விட்டாலோ வேலை போனாலோ பாக்கித் தொகையை அந்த வருட வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் சரிக்கட்ட வேண்டும். முடியாவிட்டால் அது நீங்கள் எடுத்த பணமாகக் கருதப்பட்டு வருமான வரியும், வயது 59½ ஆகாதவர்களுக்குப் பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும். நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எச்-1பி என்றால் வேலை போன பிறகு கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த 60 நாளில் ஓடும் செவெலை விற்கலாம். இன்ஜின் இல்லாத செவெலை விற்கவும் முடியாது, எடுத்துப்போகவும் முடியாது.

கார்டு 'என் பெயரில்தானே' என்பதும் தப்பு. கலிஃபோர்னியாவில் திருமணத்துக்குப் பின் வரும் சம்பாத்தியமும் வாங்கும் கடனும் பொதுவாக இருவருக்கும் பொது. உங்கள் மனைவிக்கு அந்த 500-இல் பங்கு இருக்கிறது, தெரியாமலே. இதை நான் நீதி சொல்வதற்காக எழுதவில்லை. அவர் பயப்படுவது காரைப் பார்த்து இல்லை, முடிவே தெரியாத செலவைப் பார்த்து என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே போட்ட 6,600 பட்டியலை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் பெல்ட்டும் பிரேக்கும் அதில் இருப்பதைப் பார்க்கட்டும். 500 பற்றியும் அன்றே சொல்லிவிடுங்கள், பட்டியலுக்குப் பின்னால் இல்லை, முன்னால்.

நண்பரிடம் இன்ஜின் வேண்டாம் என்று இந்த வாரமே சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தந்தால் நல்லது. தர யோசித்தால், அவருக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை ஒரு மாதம் தவணை கொடுங்கள். 5.3-க்கு எப்போதும் ஆள் இருக்கும். 'சரி, இன்ஜினையே எடுத்துக்கொள், மீதி 400 பிறகு கொடு' என்பார். வாங்காதீர்கள். காரேஜ் மூலையில் ஒரு இன்ஜின் கிடந்தால், எந்த ஞாயிற்றுக்கிழமையாவது நீங்கள் 283-இன் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிடுவீர்கள்.